போனுக்குக் குல்லா போட்ட அக்கா

முதன்முதலாக நான் அந்த அக்காவைப் பார்த்தபோது அவர் ஒரு செல்போனுக்குக் குல்லா போட்டுக்கொண்டிருந்தார். கைக்குழந்தைக்குப் போடுகிற கம்பளிக் குல்லாதான். பச்சை நிறம், உச்சியில் ஒரு குஞ்சம். போனை உள்ளே இறக்கி, நாடாவை இழுத்து முடிந்து, செல்லமாக ஒரு தட்டுத் தட்டி இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார்.

கரியாலூர் பள்ளிக்கு வேலை உத்தரவு வாங்கிக்கொண்டு நான் பஸ்ஸை விட்டு இறங்கிய சாயங்காலம் அது. கார்த்திகை மாதம். எதிரில் இருந்த கடையே மூடுபனியில் பாதிதான் தெரிந்தது. சின்னசேலம் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள் நான், பல் தந்தியடித்தது. வந்து சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லலாமென்று போனை எடுத்தால், பாதிக்கு மேல் சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த பழைய போன் கண் முன்னாலேயே அணைந்துபோனது. கையில் வைத்து உதறினேன்.

"உதறாதீங்க டீச்சர். அது சாவல. குளுர்ல மயக்கம் போட்டுக்கினு இருக்கு."

டிபன் கடை அடுப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. நான் டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கையில கொடை, தோள்ல பை, மூஞ்சில பயம். வேற யாரு வருவாங்க?"

என் போனை வாங்கித் தன் ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஒரு கையாலேயே டீ ஆற்றிக் கொடுத்தார். நான் குடித்து முடிப்பதற்குள் உள்ளே கைவிட்டுப் பட்டனை அழுத்தினார், அக்குளிலிருந்தே போன் உயிர்த்தெழுந்து சங்கீதம் பாடியது.

"ஒடனே சார்ஜ்ல சொருவாதீங்க. மொதல்ல ஒடம்புல சூடு ஏறட்டும். அப்பால சோறு போடலாம்."

காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினார். பேசிக்கொண்டே என் அம்மாவின் எண்ணைக் கேட்டு அவரே அழுத்தினார். "அம்மா, ஒங்க பொண்ணு பத்திரமா வந்து எறங்கிட்டாங்க. நானா? நான் இங்க டிபன் கடை வச்சிக்கினு இருக்கேன்" என்று தொடங்கியவர், மழை, மரவள்ளிக் கிழங்கு விலை, என் அம்மாவின் முழங்கால் வலி என்று எங்கெங்கோ போய்வந்தார். என் முறை வரவே இல்லை. அவர் போனை வைத்தபோது கடைக்குப் பின்னால் இருந்த அறை எனக்கு வாடகைக்கு முடிவாகியிருந்தது. என் அம்மாவும் அவரும் பேசி முடித்துவிட்டார்கள்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குக் கோபம் வராது, சந்தோஷம்தான் வரும். சந்தோஷம் வந்தால் போன் வரும். போன் வந்தால் என்னுடைய அன்றைய பொழுது போய்விடும்.

அக்காவால் தாங்க முடியாத ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்ற வார்த்தைகள். நாம் அழைக்கிற ஆள் கிடைக்காதபோது ஒரு பெண் குரல் சொல்லுமே, அந்தக் குரலோடு அக்காவுக்கு நேரடிச் சண்டை இருந்தது. அது பதிவு செய்த குரல் என்று எத்தனை முறை சொல்லியும் அவர் ஏற்கவில்லை.

"இன்னாம்மே, எங்க வூட்டுக்காரரு வெளிய இருக்காருன்னு நீ இன்னா எனக்குச் சொல்றது? நீ அவரு பக்கத்துலயா ஒக்காந்துக்கினு இருக்க?"

வீட்டுக்காரர் சின்ன லாரி ஓட்டினார். மலையிலிருந்து மரவள்ளியும் புளியும் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போவார். அங்கிருந்து மளிகை ஏற்றிவருவார். பேச்சு என்பதே அவரிடம் கிடையாது. சாப்பாடு பிடித்திருந்தால் "ஆ." பிடிக்காவிட்டாலும் "ஆ." இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். மலைப்பாதையில் டவர் எடுக்காத வளைவுகள் சில உண்டு. அந்த வளைவுகளில் மட்டும் அவருடைய லாரி மாட்டுவண்டி வேகத்தில் ஊரும் என்று ஊரில் பேச்சு.

அக்காவும் கேட்டிருக்கிறார். "வளைவுன்னா மெதுவாத்தான் போவணும், நல்ல டிரைவரு" என்று பெருமையாகச் சொல்வார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

மழைக்காலத்தில் கரியாலூரில் கரண்ட் போனால் அது எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. கரண்ட் போன மறுநாள் டவரும் போய்விடும். இந்த இரண்டையும் எதிர்த்து அக்கா தனியாக ஒரு யுத்தம் நடத்திக்கொண்டிருந்தார். கிடைத்த சாமானையெல்லாம் வாங்கினார். வாங்கியதை நம்பாமல் பரீட்சையும் வைத்தார். பரீட்சை நடந்த இடம், அவர் கடையிலிருந்த ஐஸ்கிரீம் பெட்டி.

"குளுரு தாங்குமா தாங்காதான்னு வேற எப்புடிப் பாக்குறது?"

சேமியா ஐஸுக்கும் கப் ஐஸுக்கும் நடுவே ஒரு டச் போன், ஒரு பட்டன் போன், ஒரு சோலார் விளக்கு, கைப்பிடியைச் சுற்றினால் பாடுகிற ஒரு ரேடியோ, எல்லாம் ஈரம் படாதபடி பிளாஸ்டிக் பைக்குள் வரிசையாகப் படுத்திருக்கும். அருவி பார்க்க வந்த சென்னைக்காரர் ஒருவர் குழந்தைக்கு ஐஸ் எடுக்கப் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு பக்திப் பாட்டு கணீரென்று கிளம்பியது. மனிதர் மூடியைப் போட்டுவிட்டு இரண்டு அடி பின்னால் தாவினார்.

அக்கா ஓடிவந்து போனை எடுத்துக் காதில் வைத்தார். "அடேங்கப்பா, சில்லுனு இருக்கு! ஆங், சொல்லு, பேசிக்கினே இரு. நீ எவ்ளோ நேரம் பேசுறியோ அவ்ளோ நல்லது, பரீட்சையில இருக்கு."

சென்னைக்காரருடைய மகள் அந்தப் போன்தான் வேண்டுமென்று அழுதாள்.

டச் போன் முதல் நாளே கண்ணை மூடிக்கொண்டது. பட்டன் போன் தேறியது. சோலார் விளக்கு ஐஸ்பெட்டியில் தேறி, வெளியே வந்து தோற்றது. மூடுபனியில் சூரியனுக்கு எங்கே போவது? சுற்றுகிற ரேடியோ நன்றாகப் பாடியது. ஆனால் அரை மணி வானிலைச் செய்தி கேட்க ஒருவர் விடாமல் சுற்ற வேண்டும், அந்த ஒருவர் வீட்டுக்காரர். அவர் சுற்றுவார், அக்கா கேட்பார். தாழ்வுமண்டலம் கரையைக் கடப்பதற்குள் அவருடைய தோள்பட்டை கழன்றுவிடும்.

ஐஸ்கிரீம் கம்பெனியிலிருந்து வந்த பையன், பெட்டி ஐஸ் வைக்க மட்டும்தான் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனான். அடுத்த தடவை வந்தபோது அவனுடைய போனே மூடுபனியில் அணைந்துபோய், அக்காவின் ஸ்வெட்டருக்குள் போய்ப் படுத்தது. அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை.

கரண்ட் இல்லாத நாட்களில் கடை வாசலில் ஒரு பழைய லாரி பேட்டரி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒயர்கள் இழுத்துத் தெருவிலுள்ள எல்லாருடைய போனுக்கும் அக்கா சார்ஜ் போட்டுக் கொடுப்பார். யாருடையது எது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் கட்டியிருக்கும். இதில் ஒரே ஒரு சங்கடம்தான். டவர் இருந்து, அந்தப் போன்களுக்கு அழைப்பு வந்தால் எல்லாவற்றையும் அக்காவே எடுத்துப் பேசுவார்.

"அவரு இல்லீங்க, அவரு போன் மட்டுந்தான் இருக்கு. பரவால்ல, எங்கிட்ட சொல்லுங்க."

இப்படித்தான் ஒரு நாள் ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் உரக் கடைக்கு அடிக்க வேண்டிய போனைத் தப்பாக அடித்துவிட்டார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டால் அது வேறு யாரோ. அக்கா அந்த அம்மாளுக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை காணி, எந்தக் கோயில் கும்பிடுகிறார்கள் என்று தொடங்கி, அவருடைய மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதுவரை கேட்டறிந்தார். அக்காவுக்குக் கல்யாணமாகாத கொழுந்தன் ஒருவன் இருந்தான். அண்ணனைப் போலவே பேசாதவன். அக்கா அவனுக்காகவும் சேர்த்துப் பேசினார். ஆடி முடிந்ததும் நிச்சயதார்த்தம் நடந்தது. உரக் கடைக்காரரையும் அழைத்து வெற்றிலை பாக்கு வைத்தார்கள்.

இந்த வெறிக்குப் பின்னால் ஏதாவது துக்கம் இருக்கும் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ வேண்டியவர் சாகக் கிடந்து, சேதி வராமல் போயிருக்கும். அதைத்தான் இந்த அக்கா மறைத்துச் சிரிக்கிறார் என்று. ஒரு மழை நாளில் மெதுவாகக் கேட்டே விட்டேன். அக்கா கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தார்.

"அப்புடி ஒண்ணும் இல்லீங்க டீச்சர். எங்க வூட்ல எல்லாருக்கும் எல்லாச் சேதியும் நேரத்துக்கு வந்திச்சி. எனக்குப் பேசாம இருக்க முடியாது, அவ்ளோதான். இதுக்குக் கத வேற வேணுமா?"

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வாக்கி டாக்கி வாங்கிய கதைக்கு வருகிறேன். டவரே இல்லாதபோது எந்தப் போனும் கல்லுதான் என்று புரிந்ததும் அக்கா அதைக் கேட்டார். ஆன்லைனில் நான்தான் பார்த்தேன். உரிமம் தேவையில்லாத சின்ன ரகம், ஜோடி. போனைப்போல ஒயர் சொருகிச் சார்ஜ் போடுகிற அழகான ஜோடி ஒன்றைக் காட்டினேன். அக்கா பார்த்துவிட்டுத் தள்ளினார்.

"கரண்ட் இல்லாத நாளுக்கு வாங்குற சாமான், அதுவும் கரண்ட்டு கேட்டா இன்னா நாயம்? பெட்டிக் கடையில கெடைக்கிற பேட்டரி செல்லு போடுற மாதிரி பாருங்க."

அப்படிப்பட்ட ஜோடி கள்ளக்குறிச்சிக்கு வந்து, லாரியில் ஏறி மலைக்கு வந்து, நேராக ஐஸ்பெட்டிக்குள் போனது. குளிரில் செல் துவண்டுபோனது. எடுத்துச் சூடுபடுத்தியதும் பாதி உயிர் திரும்பியது. "ரெண்டு செட்டு வச்சிக்கினா போதும். ஒண்ணு வேல செய்யட்டும், ஒண்ணு கக்கத்துல தூங்கட்டும்" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டார். இன்னொன்றைச் சின்னத் துணிப்பையில் போட்டு, வீட்டுக்காரருடைய கழுத்தில் தாலியைப்போல மாட்டிவிட்டார். சட்டைக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்று கட்டளை. அவர் "ஆ" என்றார். அது எந்த வகை 'ஆ' என்று எனக்கே புரிந்தது.

கொழுந்தனின் கல்யாணம் கார்த்திகையில், கரியாலூரில். முகூர்த்தத்துக்கு முதல் நாள் வீட்டுக்காரர் ஒரு வாடகை வேனை எடுத்துக்கொண்டு பெண் வீட்டாரை அழைத்துவர ரிஷிவந்தியத்துக்குப் போயிருந்தார். முந்தின நாளிலிருந்தே வங்கக் கடலில் புயல். கரண்ட் போயிருந்தது. காற்றும் மழையும் சேர்ந்து பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தன. "வெள்ளிமலை தாண்டிட்டோம்" என்று மத்தியானம் ஒரு போன் வந்தது. அத்தோடு டவரும் படுத்துவிட்டது.

வெள்ளிமலையிலிருந்து கரியாலூருக்கு வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வேன் வரவில்லை. சமையல்காரர்கள் அடுப்பை மூட்டுவதா வேண்டாமா என்று கேட்டார்கள். பைக்கில் நனைந்து வந்த ஒருவர், மெயின் ரோட்டில் பெரிய மரம் விழுந்திருக்கிறது, ஓடையும் பாலத்துக்கு மேலே போகிறது, ஆனால் வழியில் வேன் எதையும் பார்க்கவில்லை என்றார். மரத்துக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்றால் வேன் எங்கே? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் உள்ள ரோடு அது. யாரும் 'பள்ளம்' என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. மாப்பிள்ளைப் பையன் மஞ்சள் பூசிய முகத்தோடு எழுந்து நின்றுவிட்டான்.

ஊர் ஆட்கள் மரம் அறுக்கும் மிஷினைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் மருந்துப் பையோடு ஏறிக்கொண்டார். மெயின் ரோட்டில் மரத்தை அறுத்துக்கொண்டே போய்த் தேடுவதென்று முடிவு.

"டீச்சரு, வா!"

பதற்றம் வந்தால் அக்காவின் பேச்சில் 'ங்க' காணாமல் போய்விடும். வாக்கி டாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறினார். அதன் உச்சியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஊரிலேயே உயரமான இடம் அதுதான். நான் குடையோடு பின்னால் ஓடினேன். குடை இரண்டாவது எட்டிலேயே மேல்நோக்கி மலர்ந்துவிட்டது.

தொட்டிக்கு அடியில் ஒதுங்கி நின்று அக்கா பட்டனை அழுத்தினார். "ஏங்க! ஏங்க! கேக்குதா?"

கொரகொரவென்ற இரைச்சல் மட்டும் வந்தது. இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். சிவப்பு விளக்கு மங்கியது. உடனே ஸ்வெட்டருக்குள்ளிருந்து வெதுவெதுப்பான செல்களை எடுத்து மாற்றினார். கழற்றிய குளிர்ந்த செல்களை என் கையில் திணித்தார்.

"கக்கத்துல வை. கையத் தூக்காத!"

ஐஸ்கட்டியைப் போன்ற செல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோழி மாதிரி நின்றேன்.

"ஏங்க! கேக்குதா?"

இரைச்சல். பிறகு, எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம்.

"ஆ."

அந்த ஒரு 'ஆ'வுக்கு அக்கா துள்ளிக் குதித்தார். நானும் குதித்தேன். ஒரு செல் கீழே விழுந்து, பொறுக்கி எடுத்துத் திரும்பவும் இடுக்கினேன். அதற்குள் அக்கா பட்டனை அழுத்திப் பேசத் தொடங்கியிருந்தார். எங்கே இருக்கீங்க, எல்லாரும் எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, வெள்ளிமலையிலேயே நின்னிருக்கக் கூடாதா, நான் அப்பவே சொன்னேனே, சட்டைக்கு உள்ளதானே வச்சிருக்கீங்க, சம்மந்தி அம்மா எப்படி இருக்காங்க, பொண்ணு பயந்துட்டாளா, இங்க பந்தல் கிழிஞ்சிபோச்சி...

வாக்கி டாக்கியில் ஒரு பக்கம் பட்டனை அழுத்திப் பேசினால் மறுபக்கத்துக் குரல் இங்கே வராது. விட்டால்தான் அவர் பேசுவது கேட்கும். அக்காவுக்கும் அது தெரியும். ஆனால் விரல் விடவில்லை.

"அக்கா, பட்டன விடுங்க!"

"...கொழுந்தன் வேற மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு..."

"அக்கா!"

நானே அவருடைய கட்டைவிரலைப் பிடித்துப் பட்டனிலிருந்து பிரித்தெடுத்தேன். பிரித்த கணமே அந்தப் பக்கத்துக் குரல் வந்தது. எவ்வளவு நேரமாக அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தாரோ தெரியாது.

"...பழைய ரோடு. பாலத்துல தண்ணி, மெயின் ரோட்ல வர்ல. கடுக்கா மரத்து வளைவு. முன்னால மரம். பின்னால மண்ணு சரிஞ்சிபோச்சி. வண்டிக்கு ஒண்ணும் இல்ல. பொண்ணோட அப்பா, சம்மந்திக்கு வீசிங். மூச்சுக்கு அடிக்கிற பம்பு தீந்துபோச்சி. சீக்கிரம் வரச் சொல்லு."

அவர் அத்தனை வார்த்தைகள் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதே இல்லை.

மேட்டிலிருந்து நான் இறங்கினேன் என்று சொல்ல முடியாது, சறுக்கினேன். ஜீப் புறப்பட்டு மெயின் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. நடு ரோட்டில் நின்று, அக்குளில் செல் இருப்பதால் கையைத் தூக்காமலே, "பழைய ரோடு! கடுக்கா மரம்!" என்று கத்தினேன். ஜீப்காரர் எனக்கு வலிப்பு வந்துவிட்டதென்று நினைத்தாராம். விஷயம் புரிந்ததும் வண்டியைத் திருப்பினார். மெயின் ரோட்டில் போயிருந்தால் மரத்தை அறுத்து முடிக்கவே இருட்டியிருக்கும். அறுத்து முடித்தாலும் அங்கே வேன் இருந்திருக்காது.

மூச்சு வாங்கத் திரும்ப மேடேறிப் போனபோது அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செல்லு கம்மியா இருக்கு டீச்சரு. பேசுனா ஜாஸ்தி இழுக்கும். கேட்டுக்கினு இருந்தா கம்மியாத்தான் இழுக்கும். அதான்."

இதைச் சொல்லிவிட்டு மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டார். பேசாமல் உட்கார்ந்திருந்த அக்காவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அது பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, கண் பிதுங்கி, பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பவரைப்போல இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வாக்கி டாக்கி கொரகொரத்தது.

"இந்தா. இருக்கியா?"

"இருக்கேன்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அக்கா பட்டனை விட்டார்.

"ஜீப்பு வர்ற சத்தம் இன்னும் இல்ல. எல்லாரும் பயந்துக்கினு இருக்காங்க. ஆளுக்காளு அழுவுறாங்க. பயத்துல சம்மந்திக்கு மூச்சு இன்னும் ஜாஸ்தியா இழுக்குது. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல." குரல் நின்றது. போய்விட்டதென்று நினைத்தேன். பிறகு வந்தது. "நீ பேசேன்."

அக்கா வாக்கி டாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரு, இன்னா சொன்னாரு?"

"உங்களைப் பேசச் சொல்றாரு அக்கா."

"அவரா?"

பட்டனை அழுத்தினார். உடனே விட்டார். கண்ணீர் மூக்கின் நுனிவரை வந்து மழையோடு சேர்ந்துகொண்டது. "இன்னா பேசறது?" என்று என்னிடம் கேட்டார். இந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"ஐஸ் பெட்டி கதை சொல்லுங்களேன்" என்றேன்.

அக்கா மூக்கைச் சிந்தினார். "சம்மந்தி, நான்தான். ராங் நம்பரு பேசறேன்" என்று ஆரம்பித்தார்.

பிறகு அவர் பேசிய பேச்சை என்னால் எழுத முடியாது. வழக்கமான பேச்சு இல்லை அது. இரண்டு வாக்கியம் பேசுவார், பட்டனை விடுவார். "மூக்கால இழுங்க சம்மந்தி. வாயக் குவிச்சி, சூடா இருக்கிற டீய ஊதுற மாதிரி மெதுவா வுடுங்க. வுட்டீங்களா? உம் கொட்டுங்க." மறுபக்கம் 'உம்' என்று இழுத்துக்கொண்டு ஒரு சத்தம் வரும். "ஆங். இப்ப அந்தச் சென்னைக்காரரு இன்னா பண்ணாரு, மூடியத் தெறந்தாரு. இழுங்க. வுடுங்க." சென்னைக்காரர் தாவிய இடத்தில் வேனுக்குள்ளிருந்து யாரோ பெண் சிரிக்கிற சத்தம் வந்தது. அது கல்யாணப் பெண் என்று பின்னால் தெரிந்தது. யாரும் ஈரத் துணியோடு உட்காரக் கூடாது, கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பட்டுத் துணியையெல்லாம் பிரித்துச் சுற்றிக்கொள்ள வேண்டும் என்று அக்கா உத்தரவு போட்டார். முகூர்த்தப் புடவை கசங்கிவிடுமே என்று சம்மந்தி அம்மாள் தயங்கியது கேட்டது.

"பொடவ கசங்குனா தேச்சிக்கலாம். சம்மந்தி கசங்குனா இன்னா பண்றது? சுத்துங்க!"

விளக்கு மங்கும்போது என் அக்குளிலிருந்து ஒரு செட் போகும், கழற்றிய குளிர்ந்த செட் அக்காவின் அக்குளுக்குப் போகும். அடுத்த முறை அக்காவுடையது. இரண்டு பேருடைய உடம்புச் சூட்டில்தான் அந்தப் பேச்சு ஓடியது. அக்காவின் குரல் கரகரத்தது, உடைந்தது, அடித்தொண்டைக்குப் போனது. அவர் நிறுத்தவில்லை.

திடீரென்று வாக்கி டாக்கிக்குள் ரீங்கென்று ஒரு சத்தம். மரம் அறுக்கிற மிஷின். அதே சத்தம் பள்ளத்தாக்கிலிருந்தும் மூடுபனியைத் துளைத்துக்கொண்டு மெதுவாக எங்கள் காதுக்கு வந்தது. நான் இரண்டு கைகளையும் தூக்கிக் கூச்சல் போட்டேன். செல்களெல்லாம் உருண்டு ஓடின. அக்கா திட்டவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஜீப் முன்னால் வர, வேன் பின்னால் வந்து பந்தலில் நின்றது. அதிலிருந்து இறங்கிய கூட்டத்தைப் போல ஒரு பெண் வீட்டாரை நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் தலையில் ஜரிகை முண்டாசு. சம்மந்தி அம்மாளுக்கு இரண்டு பட்டு வேட்டி. கல்யாணப் பெண் மாமனார் வீட்டு வாசலில் முதல் அடி வைத்தது டிரைவரின் காக்கிச் சட்டையோடு. நர்ஸம்மா கைத்தாங்கலாக இறக்கிய சம்மந்தி, அரக்கு நிற முகூர்த்தப் புடவையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டிருந்தார். மருந்து கொடுத்து மூச்சு சீராகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் முன் நிற்கச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டார்.

"அந்தச் சென்னைக்காரரு கடைசியில ஐஸு வாங்குனாரா இல்லியா? அதச் சொல்றதுக்குள்ள மரத்த அறுத்துட்டாங்க."

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தொண்டை முழுசாகக் கட்டிக்கொண்டுவிட்டது.

மறுநாள் முகூர்த்தத்தின்போது தூறல் மட்டும்தான். சம்மந்தி இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து தாரை வார்த்துக் கொடுத்தார். டவர் இன்னும் வந்திருக்கவில்லை. அக்காவின் குரலும் வரவில்லை. ஊர் முழுக்க அவரிடம் கதை கேட்க வந்தது. அக்கா தவியாய்த் தவித்தார். கையை ஆட்டினார், கண்ணை உருட்டினார், தொட்டிமேட்டைக் காட்டினார், அக்குளைக் காட்டினார். பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

வேறு வழியில்லாமல் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்கு முழுவதும் அவர்தான் அக்காவுக்காகப் பேசினார். "வாங்க, வாங்க" என்றார். "வழியில கஷ்டமா இருந்துச்சா" என்றார். கடுக்காய் மரத்து வளைவின் கதையைக் கைகால் வைத்துச் சொன்னார். சாம்பாரில் உப்புக் கம்மி என்று அக்கா ஜாடை காட்டினால், "எல்லாரும் வயிறாரச் சாப்புடணும்னு சொல்றா" என்றார். பாயசம் இந்தப் பந்திக்குப் போதாது என்று ஜாடை காட்டினால், "இன்னொரு டம்ளரு வாங்கிக்கங்கன்னு சொல்றா" என்றார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ரொம்ப சந்தோஷமா இருக்கான்னு சொல்றா" என்றார்.

கடைசிப் பந்தியில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது அக்கா அவருக்கு நேராகத் திரும்பினார். நீளமாக, அவசரமில்லாமல் ஒரு ஜாடை காட்டினார். மலையைக் காட்டி, தன் காதைக் காட்டி, நெஞ்சில் கையை வைத்து, இன்னும் என்னென்னவோ. இலையில் வைத்த கையோடு பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, அக்கா இன்னா சொல்றாங்க?" என்று கேட்டாள் புதுப் பெண்.

வீட்டுக்காரர் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தன.

"அது ஒங்களுக்கு இல்ல" என்றார்.